குட்டி முதலில் சூடாகும், அப்புறம்தான் வளரும்

கார்த்திகை மாதம், இரவு இரண்டு மணி இருக்கும். மானூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மழை விட்டு, தூத்தல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. அம்மா தொழுவத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஏட்டி, லைட்ட எடுத்துட்டு வா. கருப்பி ரெண்டு போட்டுட்டா."

கருப்பி எங்கள் வீட்டுக் கன்னி ஆடு. கருத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. இப்படி இருந்தால் பால்கன்னி என்பார்கள். கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. முதலில் விழுந்தது கிடாக்குட்டி. அது நான்கு காலையும் பரப்பிக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. இரண்டாவது பெட்டை. கூரை ஒழுகின இடத்தில், ஈரத் தரையில் கழுத்தை நீட்டிக் கிடந்தது. அம்மா அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். பிறகு என்னையும் விரலை விடச் சொன்னாள். கிடாவின் வாய் வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டையின் நாக்கு வாய்க்கால் கூழாங்கல் மாதிரி சில்லென்று இருந்தது.

"இது இப்ப ஊட்டாது. மொதல்ல சூடாக்கணும்" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். வளர்சிதை மாற்றம் என்ற பாடத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது பிடிபடாத பாடம், ஏனென்றால் ஹார்மோன்களின் பெயர் வரிசையாகத்தான் அது அவர்களிடம் போய்ச் சேருகிறது. அந்த இரவில் தொழுவத்தில் நடந்ததையே எடுத்துக்கொண்டால், ஒரு குட்டியின் உடம்பு தன் எரிபொருளை எப்படிக் கையாள்கிறது, எப்போது வளரத் துணிகிறது என்பதை முக்கால்வாசி சொல்லிவிடலாம். அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன்.

வளர்சிதை மாற்றம் என்ற பெயரிலேயே இரண்டு வேலையும் இருக்கிறது. தின்றதையும் சேர்த்து வைத்ததையும் உடைத்துச் சக்தி எடுப்பது சிதைவு. அந்தச் சக்தியைக் கொண்டு எலும்பும் சதையும் கட்டுவது வளர்ச்சி. வளர்ந்து முடிந்த ஆட்டுக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக ஓடும். குட்டிக்குக் கட்டுகிற பக்கம் மிஞ்சி ஓட வேண்டும். ஆனால் பிறந்த முதல் சில மணி நேரத்தில் குட்டியின் உடம்பு கட்டுகிற வேலையில் அதிகம் இறங்குவதில்லை. அதைவிட அவசரமான ஒன்று தலைக்கு மேல் நிற்கிறது: குளிர்.

ஒரு சின்னக் கணக்கு. கருப்பி 30 கிலோ, குட்டி 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையில் 15 மடங்கு வித்தியாசம். ஆனால் தோலின் பரப்பில் சுமார் 6 மடங்குதான் வித்தியாசம் வரும். அப்படியானால் ஒரு கிலோ உடம்புக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால், தாயைவிடக் குட்டிக்கு இரண்டரை மடங்கு தோல் இருக்கிறது. சூடு வெளியே போகிற வழி தோல். பானையில் இருக்கும் சோறு வெகுநேரம் சுடச்சுட இருக்கும், அதில் ஒரு கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே போய் வந்தால் ஆறிப்போயிருக்கும். அதே சங்கதிதான் இது. இதற்கு மேல் குட்டி நனைந்து வேறு வருகிறது. தாய் வயிற்றுக்குள் 39 டிகிரி சூட்டில் மிதந்துகொண்டிருந்தது, திடீரென்று மழைக்காலத்து ஈரக்காற்றில் விழுகிறது. மேலே இருக்கிற நீர் உலர உலர உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கருப்பி கிடாவை நக்கி முடித்துவிட்டாள். அதற்குள் இரண்டாவது விழுந்து, அதை நக்க அவள் திரும்பவே இல்லை. இரண்டு குட்டிகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அநேகமாக அந்தப் பத்து நிமிஷம்தான்.

சரி, குட்டி எப்படிச் சூட்டை உண்டாக்குகிறது? நாம் குளிரில் நடுங்குவோம். நடுங்கும்போது தசை வேலை செய்கிறது, வேலை செய்தால் சூடு வரும். பிறந்த குட்டியும் நடுங்கும். ஆனால் அதனிடம் இன்னொரு அடுப்பும் இருக்கிறது. ஆட்டுக்குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் ஒரு கொழுப்பு ஒட்டியிருக்கும். மனிதக் குழந்தைக்கு இது தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கிறது. இறைச்சிக் கடையில் நாம் பார்க்கும் வெள்ளைக் கொழுப்பு சேமிப்புப் பெட்டி. இந்தப் பழுப்புக் கொழுப்புக்கு எரிவதே வேலை.

எப்படி எரிகிறது என்பதைச் சொல்ல நமக்குப் பாபநாசம் இருக்கிறது. அணையில் தேங்கின தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, மின் நிலையத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது. விழுகிற தண்ணீரின் வேகம் மின்சாரமாகிறது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலும் நடப்பது இதுதான். கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்து, ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் ஹைட்ரஜன் அயனிகளைத் தேக்குகிறது. அவை மறுபக்கம் பாயும்போது ஒரு நுண்ணிய சக்கரம் சுற்றி, ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் உருவாகிறது. பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் யு.சி.பி.1 என்று ஒரு புரதம் உண்டு. அது சக்கரத்தின் பக்கம் போகாமலே அயனிகள் பாய்ந்துவிட ஒரு தனி மடையைத் திறந்துவிடுகிறது. சக்கரம் சுற்றாது, ஏ.டி.பி. வராது. தேக்கி வைத்த சக்தி முழுவதும் சூடாக மாறிவிடும். மின்சாரம் எடுக்கும் இடத்தில் இது வீண். நனைந்த குட்டிக்கு இதுதான் உயிர். அந்தப் பழுப்பு நிறமே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் இரும்புச் சத்தால் வருவது.

இந்த மடையைத் திறக்கச் சொல்வது நரம்பு. தோலில் குளிர் பட்டதும் மூளைக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து நரம்பு வழியாக நார்அட்ரினலின் வந்து பழுப்புக் கொழுப்பை மூட்டிவிடுகிறது. தைராய்டு ஹார்மோன் அந்த அடுப்பை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். ஆட்டுக்குட்டியிடம் இந்தக் கொழுப்பு சில வாரங்களில் வெள்ளையாக மாறிவிடுகிறது. அதற்குள் ரோமமும் தசையும் தீனியும் சூட்டுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டிருக்கும்.

பன்றிக்கு இந்த அடுப்பே கிடையாது. பன்றி இனத்தில் யு.சி.பி.1 மரபணு என்றோ பழுதாகிப்போய்விட்டது. அதனால் பன்றிக்குட்டிகள் நடுங்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்தும்தான் குளிரைச் சமாளிக்கின்றன. தாய்ப்பன்றி குட்டி போடுவதற்கு முன்னால் புல்லையும் சருகையும் வாயில் கவ்விக்கொண்டு வந்து மெத்தை போடுவதைப் பார்த்தவர்கள், அது ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறது என்று இனி யோசிக்க வேண்டாம்.

அடுப்பு இருந்தால் ஆயிற்றா, விறகு வேண்டாமா? வயிற்றுக்குள் இருந்தவரை நஞ்சுக்கொடி வழியாக நாள் முழுவதும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தது. கொடி அறுந்த நிமிஷத்தில் அது நின்றுவிடுகிறது. இரத்தச் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். இறங்குவதைப் பார்த்ததும் குட்டியின் உடம்பு இரண்டு ஹார்மோன்களின் இடத்தை மாற்றிப்போடுகிறது. சேர்த்து வை என்று சொல்லும் இன்சுலின் குறைகிறது, சேர்த்ததை எடு என்று சொல்லும் குளுக்ககான் கூடுகிறது. பிரசவ நெருக்கடியில் பெருகிய அட்ரினலினும் கூடச் சேர்ந்துகொள்ளும். இந்தக் கட்டளையைக் கேட்டுக் கல்லீரல் தன்னிடம் இருக்கும் கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக இரத்தத்தில் விடுகிறது. கிளைக்கோஜன் என்பது சினையின் கடைசி நாட்களில் குட்டியின் கல்லீரல் சேர்த்து வைத்த மாவுச் சேமிப்பு. பால் கிடைக்காத குட்டிக்கு அது சில மணி நேரத்தில் கரையத் தொடங்கி, ஒரு நாளைக்குள் தீர்ந்தே போகும். குளிர் கூடுதலாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ராத்திரி போட்ட குட்டியைக் காலையில்தான் பார்த்திருக்கிறார். விறைத்துக் கிடந்ததை அடுப்பங்கரையில் போட்டுச் சூடு காட்டினார். குட்டி கண் திறந்தது, தலை தூக்கியது, அப்புறம் வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போனது. அவர் செய்தது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் உள்ளே நடந்தது இது: குளிரில் உறைந்து கிடந்தபோது குட்டியின் உடம்பும் மூளையும் குறைந்த சர்க்கரையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. சூடு ஏறியதும் எல்லாம் வேகமெடுத்துச் சர்க்கரை கேட்கின்றன. கல்லீரலில் எதுவும் மிச்சமில்லை. மூளைக்குச் சர்க்கரை போகாவிட்டால் வலிப்பு வரும். அதனால்தான், பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலாகி, உடம்புச் சூடு 37 டிகிரிக்குக் கீழே போன குட்டிக்கு, கால்நடை மருத்துவர்கள் முதலில் வயிற்றறைக்குள், அதாவது இரைப்பைக்குள் அல்ல, குடலைச் சுற்றியுள்ள இடத்துக்குள், குளுக்கோஸ் ஊசி போட்டுவிட்டுத்தான் சூடேற்றச் சொல்வார்கள். அது அவர்கள் கையால் செய்ய வேண்டிய வேலை. நாம் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: தலை தூக்க முடியாமல், சப்பத் தெரியாமல் கிடக்கும் குட்டியின் வாயில் பாலை ஊற்றிவிடக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும்.

எங்கள் பெட்டைக்குட்டி பிறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கல்லீரலில் சேமிப்பு இருந்தது. பழைய வேட்டியால் துவட்டினோம். கொடாப்புக்குள் சாக்கை விரித்து, குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அதைப் படுக்கவைத்தோம். கொடாப்பு என்பது குட்டிகளை மூடி வைக்கிற பெரிய கூடை. எங்கள் பக்கம் ஆடு வைத்திருக்கிற வீடுகளில் இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து அம்மா மறுபடியும் விரலை விட்டாள். இந்தத் தடவை அது விரலைச் சப்பியது.

உடனே கருப்பியின் மடியிலிருந்து சீம்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் கொடுத்தோம். கெட்டியாக, மஞ்சளாக, கையில் ஒட்டுகிற பால். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சுக்கொடியின் அமைப்பு தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடாது. மனிதக் குழந்தைக்கு அவற்றில் ஒரு பகுதி கருப்பையிலேயே கிடைத்துவிடுகிறது, ஆட்டுக்குட்டியோ ஒன்றுமில்லாமல் பிறக்கிறது. சீம்பாலில் இருப்பதைக் குடல் அப்படியே இரத்தத்துக்குள் விட்டுக்கொள்வதும் ஏறக்குறைய முதல் ஒரு நாள் மட்டும்தான். பிறகு அந்த வாசல் மூடிக்கொள்ளும். இது பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம், சீம்பால் விறகும் கூட என்பது. அதில் கொழுப்பு மிகுதி. அடுப்புக்கு நேராகப் போகிறது. அதற்கு மேல் சீம்பாலில் இன்சுலினும், வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனும் கூடுதலாக இருக்கின்றன. குடலின் உள்சுவரை வளர்த்துவிடுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. முதல் நாளில் உடம்பெடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி, அதில் முதல் தவணை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. மாடு கன்று போட்டால் கடும்புப்பால் காய்ச்சி, கருப்பட்டி போட்டுத் தெருவுக்கே கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் ஆசையாகச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் முதல் நாள் பால் கன்றுக்கு. அதன் வயிறு நிறைந்த பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு. அதேபோல, பிறந்த பிள்ளைக்குச் சீம்பாலை வேண்டாம் என்று பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் சேனை வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால், தொழுவத்தில் நாம் பார்த்த அதே கணக்குதான் இருக்கிறது.

கல்லீரலில் அந்தச் சேமிப்பு எப்படி வந்தது என்பதற்குள்ளும் கொஞ்சம் போக வேண்டும். பிரசவ நாள் நெருங்கும்போது, வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்குகிறது. கார்ட்டிசால் என்றால் மன அழுத்த ஹார்மோன் என்று மட்டும் நாம் கேள்விப்பட்டிருப்போம். குட்டிக்கு அது புறப்பாட்டு மணி. கல்லீரலைக் கிளைக்கோஜன் சேர்க்கச் சொல்கிறது, நுரையீரலைக் காற்றுக்குத் தயாராக்குகிறது, தைராய்டு ஹார்மோனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிறது. செம்மறியில் பிரசவத்தையே தொடங்கி வைப்பதும் இதுதான். நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ் என்ற மருத்துவர் 1960களில் சினைச் செம்மறிகளில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். கார்ட்டிசாலைப் போன்ற மருந்தை வயிற்றுக் குட்டிக்குச் செலுத்தியபோது, மிகவும் முன்கூட்டியே பிறந்த குட்டி மூச்சு விட்டதைக் கவனித்தார். ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதைத் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். இன்றைக்குக் குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது அங்கிருந்து வந்ததுதான். ஒரு செம்மறிக்குட்டியின் மூச்சு எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். குறைமாதப் பிள்ளைக்குப் பழுப்புக் கொழுப்பும் குறைவு, கல்லீரல் சேமிப்பும் குறைவு. அதனால்தான் தாயின் நெஞ்சோடு வெறும் தோலில் அணைத்து வைத்திருக்கச் சொல்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்த முறை அது.

சூடு வந்தது, பால் வந்தது. இனி வளர்ச்சி.

வளர்ச்சி ஹார்மோன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அது வந்தால் எலும்பு வளரும். நாம் படித்தது அவ்வளவுதான். அதில் ஒரு முடிச்சு இருப்பது 1957இல் தெரிந்தது. அமெரிக்காவில் சால்மன், டாஹடே என்ற இருவர், பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிகளின் குருத்தெலும்பைத் தட்டில் வைத்துப் பரிசோதித்தார்கள். குருத்தெலும்பு வளர்ந்தால் சல்பேட்டை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அளந்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை நேராகத் தட்டில் விட்டபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்ட எலியின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை விட்டபோது குருத்தெலும்பு நன்றாக உறிஞ்சியது. அப்படியானால் அந்த ஹார்மோன் உடம்புக்குள் வேறு யாரிடமோ சொல்லி, அவர் மூலமாக வேலையை நடத்துகிறது. அந்த ஆள்தான் நாம் சீம்பாலில் பார்த்த ஐ.ஜி.எஃப்-1. இரத்தத்தில் ஓடுகிற ஐ.ஜி.எஃப்-1இல் பெரும்பங்கு கல்லீரலில் உருவாகிறது. எலும்பின் முனையில் இருக்கும் வளர்தட்டில் வளர்ச்சி ஹார்மோன் நேராகவும் வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் கல்லீரல் வழிதான் நமக்கு இங்கே முக்கியம்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? பிட்யூட்டரியே நேராகக் கட்டளை போட்டால் ஆகாதா? ஆகாது. சாப்பாடு இருக்கிறதா என்பது கல்லீரலுக்குத்தான் தெரியும்.

மறுபடியும் அணைக்கு வருவோம். திருநெல்வேலியில் பேப்பர் வாங்குகிற வீடுகளில் பாபநாசம் அணை இன்றைக்கு எத்தனை அடி என்று பார்க்காத விவசாயி கிடையாது. முழுக் கொள்ளளவு 143 அடி. ஆனியில் மட்டம் ஏறியிருந்தால் கார் நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஏறாவிட்டால், விவசாயிகள் எத்தனை மனுக் கொடுத்தாலும், குடிக்க மட்டும் தண்ணீர் விட்டுவிட்டு மடையை மூடி வைத்திருப்பார்கள். குட்டியின் உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் மனு. கல்லீரல் அணை. நீர்மட்டத்தைச் சொல்கிற ஆள் இன்சுலின். பால் குடித்து, இரத்தத்தில் சர்க்கரையும் புரதக் கூறுகளும் ஏறினால் இன்சுலின் ஏறும். இன்சுலின் ஏறினால் கல்லீரல் வளர்ச்சி ஹார்மோனின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கும், ஐ.ஜி.எஃப்-1 என்ற வாய்க்கால் ஓடும், எலும்பும் தசையும் கட்டப்படும். பட்டினியில் இன்சுலின் இறங்கிவிடும், கல்லீரல் காதை மூடிக்கொள்ளும்.

இதற்கு ஒரு நேரடிச் சான்று இருக்கிறது. கடுமையாக ஊட்டம் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அது கூடியிருக்கும். ஐ.ஜி.எஃப்-1 குறைந்திருக்கும். மனு மேல் மனு போகிறது, மடை திறக்கவில்லை. அந்தக் கூடிய ஹார்மோனும் வீணாகப் போவதில்லை. சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துவிட்டு, சர்க்கரையை மூளைக்கென்று மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. வளரச் சொல்லும் ஹார்மோனே வறட்சியில் பிழைக்க வைக்கும் ஹார்மோனாக மாறிவிடுகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது கதை வேறு. அங்கே தாயிடமிருந்து சர்க்கரை விடாமல் வருவதால், வளர்ச்சி பெரும்பாலும் இன்சுலினையும் ஐ.ஜி.எஃப் குடும்பத்தையும் நம்பியே நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தையின் பிறப்பு நீளம் ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதும், வளர்ச்சி பின்தங்குவது பிறகுதான் தெரியவருவதும் இதனால்தான்.

தைராய்டைப் பற்றி அதிகம் நீட்ட வேண்டாம். உடம்பின் எல்லா அடுப்புகளும் எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்பதை அது வைக்கிறது, மூளை வளர்ச்சிக்கும் அது இல்லாமல் முடியாது. அயோடின் இல்லாத தீனி தின்ற ஆடு, தொண்டை வீங்கின, ரோமம் குறைந்த, சவலைக் குட்டியைப் போடும். மனிதக் குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பதும் இதற்காகத்தான். முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும், விட்டுவிட்டால் மூளைக்கு நேர்ந்த இழப்பு திரும்பாது. ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: சூபாபுல் குழையை மட்டுமே நாள்தோறும் கட்டாதீர்கள். அதில் இருக்கும் மைமோசின் என்ற பொருள் வயிற்றில் சிதைந்து தைராய்டைத் தடுக்கக்கூடும். மற்றக் குழையோடு கலந்து கட்டினால் போதும்.

ஆட்டுக்குட்டிக்கு மட்டும், மாட்டுக்கன்றுக்கும்தான், இன்னொரு பெரிய மாற்றம் காத்திருக்கிறது. நாய்க்குட்டிக்கும் மனிதக் குழந்தைக்கும் இது கிடையாது. பிறந்த குட்டியின் நான்கு இரைப்பை அறைகளில் பெரியது நான்காவது. நம் வயிற்றைப் போலப் பாலைச் செரிப்பது அது. அசைபோட உதவுகிற முதல் அறை சுருங்கிக் கிடக்கும். குட்டி காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு தசைப் பள்ளம் மூடிக்கொண்டு குழாய் மாதிரி ஆகி, பாலை நேரே நான்காவது அறையில் கொண்டுபோய் விடும். அப்போது குட்டி சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஓடுகிற பிராணி. இரண்டு மூன்று வாரத்தில் அது தாய் தின்பதைப் பார்த்துக் குழையைக் கடிக்கும், மண்ணை நக்கும், உடை நெற்றை வாயில் உருட்டும். அதோடு நுண்ணுயிர்களும் உள்ளே குடியேறுகின்றன. அவை தீனியை நொதிக்க வைத்து அமிலங்களை உண்டாக்கும். அதில் பியூட்டிரிக் அமிலம்தான் முதல் அறையின் சுவரை விரல் விரலாக வளரத் தூண்டுகிறது. தீனி உள்ளே போனால்தான் தீனி செரிக்கும் அறையே உருவாகும். பாலை மட்டும் குடித்து வளரும் குட்டிக்கு அந்த அறை பின்தங்கிவிடும்.

அறை வளர வளர, இரத்தச் சர்க்கரை மெல்ல இறங்கி, வளர்ந்த ஆட்டின் அளவுக்கு வருகிறது. நமக்கு அந்த அளவு தாழ்வு, ஆட்டுக்கு அதுவே இயல்பு. தின்கிற மாவுப் பொருளை எல்லாம் நுண்ணுயிர் எடுத்துக்கொள்வதால் குடலிலிருந்து சர்க்கரை அதிகம் வராது. புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரலே சர்க்கரையைச் செய்துகொள்ளும். பால் குடிக்கும் குட்டி ஒரு பிராணி, குழை தின்னும் குட்டி வேறு பிராணி என்றே சொல்வேன். இந்த இரண்டு மாதத்தில் அவசரப்பட்டுப் பாலை நிறுத்தினால், ஒரு சமையலறையை மூடிவிட்டு இன்னொன்று கட்டி முடியாத வீடு மாதிரி குட்டி நிற்கும்.

எங்கள் குட்டிகளைத் தூக்குத் தராசில் மஞ்சப்பையோடு தொங்கவிட்டு எடை எழுதி வந்தேன். பிறந்த அன்றைக்குக் கிடா 2.1 கிலோ, பெட்டை 1.6. ஒரு மாதத்தில் கிடா 4.4, பெட்டை 3 கிலோவைக்கூடத் தொடவில்லை. கிடா முட்டித் தள்ளிவிட்டு இரண்டு காம்பையும் தானே எடுத்துக்கொண்டதை அம்மா கவனித்தாள். அன்றிலிருந்து ராத்திரியில் கிடாவைக் கொடாப்பில் அடைத்துவிட்டுப் பெட்டையை மட்டும் ஊட்டவிட்டோம். அகத்திக்கீரையும் ஊறவைத்த உளுந்தம் பொட்டும் தனியாக வைத்தோம். அதற்கு அடுத்த மாதம் பெட்டை கிடாவைவிட வேகமாக எடை கூடியது.

இதை எட்டிப்பிடிக்கும் வளர்ச்சி என்பார்கள். 1963இல் பிராடர், டானர் ஆகியோர் நோயிலிருந்து தேறிய குழந்தைகளிடம் இதைக் கவனித்து இந்தப் பெயரை வைத்தார்கள். பசிக்காலத்தில் வளர்தட்டு தன் ஆயுளைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறது. மடை திறந்ததும் அதே வயதுடைய மற்ற குட்டியைவிட இளமையான தட்டாக வேலை செய்கிறது. ஆனால் எட்டிப்பிடிப்பது எப்போதும் முழுசாக இருப்பதில்லை. மிகவும் சீக்கிரமாக, மிகவும் நீண்ட நாள் பட்டினி கிடந்தால் மிச்சம் நின்றுபோகும். எலும்பைவிடக் கொழுப்பு முந்திக்கொள்வதும் உண்டு. புனேயில் நடந்த ஆய்வில் அங்கே பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனில் பிறந்தவர்கள் 3.5 கிலோ. இத்தனை எடைக் குறைவிலும் புனேக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. வயிற்றுக்குள்ளேயே உடம்பு எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றியது என்பது அதில் தெரிகிறது. தசை குறைந்து கொழுப்பு மிஞ்சிய உடம்புக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கருதுகிறார்கள். நம் ஊர்களில் அந்த நோய் இத்தனை பரவலாக இருப்பதை நினைக்கும்போது, சினையாட்டுக்குத் தீனி வைப்பதில் காட்டும் அக்கறையைக் கர்ப்பிணிப் பெண்ணின் தட்டிலும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பங்குனி கடைசியில் எடை போட்டபோது கிடா 10 கிலோ, பெட்டை 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது இப்போது பின்னங்காலில் நின்று உடைமரத்துக் கிளையை இழுத்துத் தின்கிறது. நேற்றுச் சாயங்காலம், அம்மா பார்க்காத நேரத்தில், அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். நல்ல சூடு, பச்சிலை புளித்த வாசம். விரலைச் சப்பவில்லை, கடவாயில் வைத்து மெல்லப் பார்த்தது.